அடைப்புக்குறி இல்லாத பதிப்பு: செவ்வியல் கால வயலின் கான்செர்ட்டோக்களை அக்காலக் கருவிகளில் ஒலிப்பதிவு செய்தல் – ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இயற்றப்பட்ட ஐரோப்பிய வயலின் கான்செர்ட்டோக்களை, அவை தோன்றிய காலத்துக் கருவிகளைக் கொண்டே ஒலிப்பதிவு செய்யும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் வலுப்பெற்றது. இப்பதிவுகள் பழைய ஒலியை மீட்டுத் தருவன என்னும் எண்ணம் கேட்போரிடையே மட்டுமன்றி ஆய்வாளரிடையேயும் உண்டு. மொசார்ட்டின் ஐந்து வயலின் கான்செர்ட்டோக்களையும் பீத்தோவன் நிறைவுசெய்த ஒரே வயலின் கான்செர்ட்டோவையும் முன்வைத்து இவ்வெண்ணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. கருவி, சுருதி, வாசிப்பு முறை, கடென்சா ஆகிய நான்கு கூறுகளிலும் சான்று எதுவரை செல்கிறது, ஊகம் எங்கே தொடங்குகிறது என்பது காட்டப்படுகிறது. இத்தகைய பதிவை மீட்கப்பட்ட ஒலியாகக் கொள்வதைவிட ஒரு பதிப்பாசிரியரின் பதிப்பாகக் கொண்டு படிப்பதே வரலாற்று ஆய்வுக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: வயலின் கான்செர்ட்டோ, அக்காலக் கருவிகள், ஒலிப்பதிவு, மொசார்ட், பீத்தோவன், கடென்சா, பதிப்பியல்

1. முன்னுரை

ஓர் இசைப்படைப்பின் வரலாற்றை எழுதுவோர்க்கு இயற்றியவரின் கையெழுத்துப்படி கிடைக்கலாம், அச்சுப்படி கிடைக்கலாம், அக்காலத்தில் வாசிக்கப்பட்ட கருவிகூடக் கிடைக்கலாம். ஒலி மட்டும் கிடைப்பதில்லை. ஒலிப்பதிவுக் கருவி தோன்றிய 1877ஆம் ஆண்டுக்கு முற்பட்ட இசை அனைத்துக்கும் இது பொருந்தும். எனவே 1775இல் சால்ஸ்பர்க்கிலோ 1806இல் வியன்னாவிலோ ஒரு வயலின் எவ்வாறு ஒலித்தது என்ற வினாவுக்கு நேர்ச்சான்று இல்லை, சுற்றுச்சான்றுகளே உள்ளன.

இச்சுற்றுச்சான்றுகளைத் திரட்டி, அவற்றின் வழியே வாசித்துப் பதிவுசெய்த இசைத்தட்டுகள் இன்று ஏராளமாக உள்ளன. அவற்றை ஆய்வாளர்கள் இரு வகையாகப் பயன்படுத்துகின்றனர். சிலர் அவற்றைப் பழங்கால ஒலியின் சான்றாகவே எடுத்தாளுகின்றனர். வேறு சிலர், அவை இக்காலச் சுவையின் வெளிப்பாடே என்று ஒதுக்குகின்றனர். அமெரிக்க இசையியலாளர் ரிச்சர்ட் தருஸ்கின் 1995இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில், வரலாற்று வாசிப்பு எனப்படுவது உண்மையில் இருபதாம் நூற்றாண்டு நவீனத்துவத்தின் குழந்தை என்று வாதிட்டார். அவ்வாதத்துக்குப் பின் இவ்விரு நிலைப்பாடுகளுக்கும் இடையிலான பிளவு மேலும் ஆழமாயிற்று.

இரண்டுமே முழுமையான நிலைப்பாடுகள் அல்ல என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சுவடிப் பதிப்பில் பழகிய தமிழாய்வாளர்க்கு இச்சிக்கல் புதியதன்று. சிதைந்த ஏட்டிலிருந்து ஒரு நூலைப் பதிப்பிப்பவர் மூலபாடம், பாடவேறுபாடு, ஊகப்பாடம் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டக் கடமைப்பட்டவர். அவருடைய ஊகங்களுக்காக அப்பதிப்பை நாம் தள்ளுவதில்லை. ஊகத்தை மூலமாக மயங்கிக் கொள்வதுமில்லை. அதே அளவுகோலை ஒலிப்பதிவுக்கும் பொருத்திப் பார்ப்பதே இங்கு மேற்கொள்ளப்படும் முறை.

2. கருவியில் நேர்ந்த மாற்றம்

வயலின் பதினாறாம் நூற்றாண்டு முதல் மாறாத வடிவுடையது என்னும் கருத்துப் பரவலாக உண்டு. புறத்தோற்றத்தைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரியே. ஆனால் ஏறத்தாழ 1780 முதல் 1830 வரையிலான காலத்தில் அதன் உள்ளமைப்பும் பொருத்துமுறையும் படிப்படியாக மாறின. கழுத்துப் பகுதி நீண்டு, பின்னோக்கிச் சாய்ந்தது. விரற்பலகை நீண்டது. உடலின் உட்புறத்தில் ஒட்டப்படும் மரச்சட்டம் தடித்தது. பெரிய அரங்குகளில் கேட்கும்படி உரத்த, ஒளிமிக்க ஒலி தேவைப்பட்டதே இம்மாற்றங்களுக்கு முதன்மைக் காரணம். ஸ்ட்ராடிவாரி செய்த கருவிகள் உள்ளிட்ட பழைய வயலின்களும் இம்முறைக்கேற்பப் பிரித்து மாற்றியமைக்கப்பட்டன. கழுத்து மாற்றப்படாமல் எஞ்சியவை மிகச்சிலவே. ஆகவே, இன்று கச்சேரி மேடையில் ஒலிக்கும் பதினெட்டாம் நூற்றாண்டு வயலின் பழமையான கருவியாயினும், பெரும்பாலும் பழைய நிலையில் உள்ள கருவியன்று.

வில்லின் மாற்றம் இதனினும் முக்கியமானது. பாரிஸ் நகரக் கைவினைஞர் பிரான்சுவா சேவியர் தூர்த் (இறப்பு 1835) உருவாக்கிய, உட்புறமாக வளைந்த வில் ஏறத்தாழ 1785க்குப் பின் நிலைபெற்றது. அதற்கு முன் பல வகை இடைநிலை விற்கள் புழங்கின. மன்ஹைமிலிருந்து 1772இல் லண்டன் சென்ற வில்ஹெல்ம் கிராமரின் பெயரால் வழங்கும் வில் அவற்றுள் ஒன்று. பழைய வில்லில் ஒவ்வோர் இழுப்பும் தொடக்கத்தில் சற்றே மெலிந்து, நடுவில் பருத்து, இறுதியில் தேயும். தூர்த் வில்லோ நுனி முதல் அடி வரை ஒரே செறிவுடன் ஒலிக்க இடந்தருகிறது.

நரம்புகளைப் பொறுத்தவரை, விலங்கின் குடலை முறுக்கிச் செய்த நரம்புகளே வழக்கிலிருந்தன. தாழ்ந்த நரம்பு மட்டும் உலோகக் கம்பி சுற்றப்பெற்றிருந்தது. உச்ச நரம்புக்கு எஃகுக் கம்பி பயன்படுத்துவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில்தான் பரவியது. முகவாய்த் தாங்கியை ஏறத்தாழ 1820இல் லூயி ஷ்போர் அறிமுகப்படுத்தினார் என்பர்.

இவ்வளவும் கருவிகளிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் பெறப்பட்ட உறுதியான செய்திகள். இவற்றிலிருந்து ஒரு முக்கியமான வரையறை கிடைக்கிறது. 1773க்கும் 1775க்கும் இடையில் மொசார்ட் எழுதிய கான்செர்ட்டோக்கள் தூர்த் வில்லுக்கு முற்பட்டவை. 1806இல் அரங்கேறிய பீத்தோவனின் கான்செர்ட்டோ மாற்றங்களின் நடுவே பிறந்தது. 'செவ்வியல் காலம்' என்னும் ஒரே பெயரால் இரண்டையும் குறித்தாலும், ஒரே கருவித்தொகுதியைக் கொண்டு இரண்டையும் பதிவுசெய்வது வரலாற்றுக்கு ஒவ்வாது.

3. வாழும் மரபும் பழைய கருவியும்

பழைய கருவிகளை மீண்டும் வாசிக்கும் இயக்கம் தொடக்கத்தில் பரோக் காலத்தையும் அதற்கு முற்பட்ட காலத்தையும் சார்ந்திருந்தது. நிகோலாஸ் ஹார்னன்கோர்ட்டும் ஆலிஸ் ஹார்னன்கோர்ட்டும் 1953இல் வியன்னாவில் கன்சென்டஸ் மியூசிகஸ் குழுவைத் தொடங்கினர். 1960களில் ஜெர்மனியின் கொலேகியம் ஆரியம் குழு செவ்வியல் காலப் படைப்புகளையும் பழைய கருவிகளில் பதிவுசெய்தது. எனினும் அக்குழுவினரின் வாசிப்பு முறை பெரிதும் இக்காலத்ததாகவே இருந்தது என்னும் குறை பின்னர் கூறப்பட்டது. பழைய கருவியை ஏந்தினால் மட்டும் பழைய வாசிப்பு வந்துவிடாது என்பதை இயக்கம் உணர்ந்துகொண்ட கட்டம் இது எனலாம்.

1973இல் கிறிஸ்டோபர் ஹாக்வுட் தொடங்கிய அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக் குழு, வயலின் கலைஞர் யாப் ஷ்ரோடரின் தலைமையில், மொசார்ட்டின் சிம்பொனிகளை 1970களின் இறுதியிலிருந்து தொடர்ந்து பதிவுசெய்தது. 1981இல் பிரான்ஸ் புருக்கன் தொடங்கிய பதினெட்டாம் நூற்றாண்டு இசைக்குழுவும், 1986இல் லண்டனில் தோன்றிய அறிவொளிக் கால இசைக்குழுவும் இப்போக்கை வலுப்படுத்தின. வயலின் கான்செர்ட்டோக்கள் இவற்றுக்குப் பின்னரே பெருமளவில் பதிவாயின. சைமன் ஸ்டாண்டேஜ், மோனிகா ஹகெட் ஆகியோரின் மொசார்ட் பதிவுகள் 1990களின் தொடக்கத்தைச் சார்ந்தவை.

கான்செர்ட்டோ தாமதமாக வந்ததற்குக் காரணம் உண்டு. பரோக் இசையில் மறக்கப்பட்டவை பல. அவற்றை மீட்போர்க்கு எதிர்ப்பு குறைவு. பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோவோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மேடையை விட்டு இறங்கியதே இல்லை. 1844ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் லண்டனில், மென்டல்சன் நடத்த, பன்னிரண்டு வயதுச் சிறுவன் யோசெப் யோவாகிம் அதை வாசித்தபின் அது ஒவ்வொரு பெருங்கலைஞரின் உடைமையாயிற்று. யோவாகிமின் ஆசிரியர் யோசெப் பேம், 1825இல் பீத்தோவனின் நால்வர் இசைப் படைப்பொன்றை இயற்றியவரின் முன்னிலையிலேயே ஒத்திகை பார்த்தவர். பீத்தோவன், பேம், யோவாகிம் என்னும் இக்கால்வழி குருசீட மரபை ஒத்தது. பழைய கருவிகளுடன் வந்தோர் இங்கே ஒரு வெற்றிடத்தை நிரப்பவில்லை. வாழும் மரபொன்றை ஆவணங்களைக் காட்டி மறுக்கவேண்டியிருந்தது. மரபு பெரிதா, ஆவணம் பெரிதா என்னும் இவ்வழக்கே இப்பதிவுகளின் உள்ளார்ந்த வரலாறு.

4. சுருதி என்னும் எண்

இப்பதிவுகளில் பரோக் இசைக்கு 415 ஹெர்ட்ஸ், செவ்வியல் இசைக்கு 430 ஹெர்ட்ஸ் என்னும் சுருதி அளவுகள் ஏறத்தாழ விதிபோல் பின்பற்றப்படுகின்றன. இன்றைய பன்னாட்டு அளவான 440 ஹெர்ட்ஸ் 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் பரிந்துரைக்கப்பட்டது. அதனுடன் ஒப்பிட, 430 என்பது பழமையின் அடையாளமாகத் தோன்றுவது இயல்பே.

வரலாற்றில் சுருதி ஒரே எண்ணாக இருந்ததில்லை. ஊருக்கு ஊர், ஆலயத்துக்கும் அரங்குக்கும் இடையிலும் அது வேறுபட்டது. புரூஸ் ஹேன்ஸ் எஞ்சியுள்ள துளைக்கருவிகளையும் ஆர்கன்களையும் அளந்து இவ்வேறுபாட்டை விரிவாக நிறுவியுள்ளார். மொசார்ட்டோடு தொடர்புடைய பியானோ வினைஞர் யோஹான் ஆண்ட்ரியாஸ் ஷ்டைனின் இசைக்கவை ஏறத்தாழ 421 ஹெர்ட்ஸைக் காட்டுகிறது. 415 என்னும் எண் தெரிவானதற்கு, அது 440க்குச் சரியாக அரைச்சுரம் கீழே அமைவதால் விசைக்கருவிகளை எளிதில் மாற்றி வாசிக்க முடிகிறது என்பதும் ஒரு காரணம். 430ஓ, பல நகரங்களிலிருந்து துளைக்கருவிக் கலைஞர்கள் ஒன்றுகூடி வாசிக்க உதவும் பொது உடன்பாடு. அதாவது, சுருதியைத் தாழ்த்துவதற்குச் சான்று உண்டு. குறிப்பிட்ட அந்த எண்ணுக்கு உள்ளது வசதி. பதிவைக் கேட்பவர்க்கு இவ்விரண்டும் பிரிந்து கேட்பதில்லை.

5. நூற்சான்றும் ஒலிச்சான்றும்

வாசிப்பு முறைக்கு முதன்மைச் சான்று லியோபோல்ட் மொசார்ட் 1756இல் ஆக்ஸ்பர்க்கில் வெளியிட்ட வயலின் பயிற்சி நூல். தம் மகன் பிறந்த ஆண்டிலேயே அவர் வெளியிட்ட இந்நூல், ஒவ்வொரு சுரத்தையும் ஓயாமல் அதிரச்செய்து வாசிப்போரை நடுக்குவாதம் கண்டவர்க்கு ஒப்பிட்டுக் கண்டிக்கிறது. வைப்ராட்டோ எனப்படும் இவ்வதிர்வு தேர்ந்த இடங்களில் இடவேண்டிய அணி என்பதே அவர் கருத்து. 1830களின் தொடக்கத்தில் ஷ்போர் எழுதிய பயிற்சி நூலும் இதே அளவுணர்வை வலியுறுத்துகிறது. எனவே அக்காலக் கருவிப் பதிவுகளில் வைப்ராட்டோ குறைந்திருப்பதற்கு வலுவான நூலாதாரம் உண்டு.

ஒரு கண்டனம் இருமுனைச் சான்று என்பதையும் இங்கே நினைவிற்கொள்ளவேண்டும். ஆசிரியர் ஒன்றைக் கண்டிக்கிறார் எனில், அதைச் செய்தோர் இருந்தனர் என்பதும் பெறப்படும். லியோபோல்ட் மொசார்ட்டின் நூல் நல்ல வாசிப்பு எதுவென அவர் கருதினார் என்பதைச் சொல்கிறது. அவர் காலத்தில் அனைவரும் எவ்வாறு வாசித்தனர் என்பதைச் சொல்லவில்லை.

இதற்குத் துணையாக, 1903இல் பெர்லினில் யோவாகிம் பதிவுசெய்த ஐந்து இசைத்தட்டுப் பக்கங்கள் உள்ளன. அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு. அவற்றில் மூன்று இயல்புகள் தெளிவாகக் கேட்கின்றன. வைப்ராட்டோ மிகக் குறைவு. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு விரலைச் சறுக்கிச் செல்லும் போர்ட்டமென்டோ வெளிப்படையாக உள்ளது. தாளம் கண்டிப்பின்றி நெகிழ்ந்து செல்கிறது.

அக்காலக் கருவிப் பதிவுகளில் பெரும்பாலானவை இம்மூன்றனுள் முதலாவதை ஏற்றுக்கொண்டன. மற்ற இரண்டையும் பெரிதும் விலக்கின. யோவாகிமின் பதிவுகள் மொசார்ட்டின் காலத்துக்கு நேர்ச்சான்று ஆகமாட்டா என்பது மெய்யே. ஆனால் பீத்தோவனுக்கும் இது பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. வியன்னாவில் வயலின் கலைஞர்கள் சறுக்கி வாசிப்பதை அந்தோனியோ சாலியேரி 1811இல் பொதுவெளியில் கண்டித்தார். பீத்தோவனின் கான்செர்ட்டோ அரங்கேறி ஐந்தே ஆண்டுகளில், அதே நகரில் எழுந்த கண்டனம் இது. கண்டிக்கப்படும் அளவுக்கு அவ்வழக்கம் பரவியிருந்தது என்பதில் ஐயமில்லை. கிளைவ் பிரவுன் 1999இல் வெளியிட்ட விரிவான நூலில் இவ்வகைச் சான்றுகளைத் தொகுத்துத் தந்தார்.

வைப்ராட்டோவைக் குறைக்க ஒரு கண்டனத்தை ஆதாரமாகக் கொள்வோர், சறுக்கலைச் சேர்க்க மற்றொரு கண்டனத்தை ஆதாரமாகக் கொள்வதில்லை. தெளிவு, இலேசு, துல்லியம் ஆகியவற்றை விரும்பும் இருபதாம் நூற்றாண்டுச் செவிக்கு முன்னது இனிக்கிறது. பின்னது பழம்பாணியாகப் படுகிறது. தருஸ்கினின் வாதம் முழு வலிமையும் பெறும் இடம் இதுவே. எனினும் இது முயற்சி முழுவதையும் பொய்யாக்கிவிடவில்லை. சான்றுகளுள் தெரிவு நடந்துள்ளது என்பதையே நிறுவுகிறது.

6. மொசார்ட்: தனிவாசிப்பாளரின் இடமும் கடென்சாவும்

மொசார்ட்டின் ஐந்து கான்செர்ட்டோக்களும் சால்ஸ்பர்க்கில் அவர் அரண்மனை இசைக்குழுவில் பணியாற்றிய காலத்தவை. நான்கு 1775ஆம் ஆண்டைச் சார்ந்தவை. கையெழுத்துப்படிகளில் ஆண்டெண் சுரண்டப்பட்டு 1780 எனவும் பின்னர் மீண்டும் 1775 எனவும் திருத்தப்பட்டுள்ளது. முதல் கான்செர்ட்டோவான கே. 207 உண்மையில் 1773இல் எழுதப்பட்டது என்பது கையெழுத்தாய்வால் பின்னர் தெளிவாயிற்று. நாள் குறிக்கப்பட்ட மூலப்படியே ஆய்வாளரை மயக்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

கையெழுத்துப்படி தரும் மற்றொரு செய்தி வாசிப்புக்கு நேரடிப் பயனுடையது. முழுக்குழு வாசிக்கும் பகுதிகளில் தனிவாசிப்பாளருக்கும் முதல் வயலின் பகுதியே எழுதப்பட்டுள்ளது. ஆகவே அவர் குழுவுக்கு வெளியே நின்று தன் முறை வரும்வரை காத்திருந்த நாயகர் அல்லர். குழுவினுள் இருந்து எழுந்து ஒலித்து, மீண்டும் குழுவில் கலந்தவர். இதனை ஏற்று ஹகெட், ஆண்ட்ரூ மான்ஸி ஆகியோர் தனியே ஒரு நடத்துநர் இன்றித் தாமே வாசித்துக்கொண்டு குழுவை நடத்திப் பதிவுசெய்தனர். இரண்டு ஓபோ, இரண்டு கொம்பு, நரம்புக்கருவிகள் என்னும் சிறு குழுவில் இம்முறை இயல்பாகப் பொருந்துகிறது. கே. 219இன் இறுதிப் பகுதியில் வரும் துருக்கியப் பாணி இசையில், செல்லோக்களும் பாஸ்களும் வில்லைத் திருப்பி மரப்பகுதியால் நரம்பைத் தட்டவேண்டும் என மொசார்ட் குறித்துள்ளார். குடல் நரம்பில் பழைய வில்லின் மரம் படும்போது எழும் வறண்ட தட்டொலி, அக்குறிப்பின் நோக்கத்தை எந்த விளக்கத்தைவிடவும் தெளிவாக உணர்த்துகிறது. பழைய கருவி உண்மையாகவே புதிய அறிவைத் தரும் இடங்கள் இவை.

கடென்சாவில் நிலைமை தலைகீழாகிறது. கான்செர்ட்டோவின் குறிப்பிட்ட இடங்களில் குழு நின்றுவிட, தனிவாசிப்பாளர் தம் கற்பனையில் வாசிக்கும் பகுதி கடென்சா. அது பெரும்பாலும் மேடையிலேயே பிறந்தது. வயலின், வியோலா இரண்டுக்கும் சேர்த்து எழுதிய கே. 364இல் மொசார்ட் கடென்சாக்களை எழுதிவைத்தார். ஐந்து வயலின் கான்செர்ட்டோக்களுக்கோ அவர் எழுதிய கடென்சா எதுவும் எஞ்சவில்லை. நரம்பு, வில், சுருதி, குழுவின் அளவு என எல்லாவற்றுக்கும் ஆதாரம் தேடும் கலைஞர், ஒவ்வோர் இயக்கத்திலும் ஆதாரமே இல்லாத ஓரிடத்தை வந்தடைகிறார். அங்கே மௌனம் வரலாற்றுப் பிழையாகும். பிறர் எழுதியதை வாசித்தால் அது இரவல். தாமே இயற்றினால் ஊகம்.

இசபெல் ஃபவுஸ்ட், ஜியோவன்னி அன்டோனினி நடத்திய இல் ஜியார்டினோ அர்மோனிகோ குழுவுடன் 2016இல் வெளியிட்ட முழுத்தொகுப்பு இதற்கு ஒரு தீர்வைக் காட்டுகிறது. அதில் கடென்சாக்களை, பழைய விசைக்கருவிகளில் தேர்ந்த ஆண்ட்ரியாஸ் ஷ்டையர் இயற்றினார். அவை மொசார்ட்டின் மொழியில் அமைந்தவை. அதேவேளை இயற்றியவர் பெயர் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஒரு பதிப்பாசிரியர் ஊகப்பாடத்தைத் தம் பெயரில் தருவதற்கு இது நிகரானது.

எனினும் ஒரு முரண் எஞ்சுகிறது. கடென்சாவின் வரலாற்று உண்மை அதன் சொற்களில் இல்லை. அது ஒவ்வொரு முறையும் மாறுவதில் உள்ளது. ஒலிப்பதிவோ எதையும் மாறாமல் நிறுத்துவது. நூறாவது முறை கேட்கும்போதும் அதே இடத்தில் அதே 'தற்செயல்' ஒலிக்கும். வாசிப்பு எத்துணை வரலாற்று நெறிப்பட்டதாயினும், பதிவு என்னும் ஊடகமே இவ்விடத்தில் வரலாற்றுக்கு மாறானது.

7. பீத்தோவன்: பாடவேறுபாடுகளின் கான்செர்ட்டோ

பீத்தோவனின் 61ஆம் படைப்பு 1806ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் வியன் ஆற்றங்கரை அரங்கில் பிரான்ஸ் கிளெமென்ட்டால் வாசிக்கப்பட்டது. கையெழுத்துப்படியின் தலைப்பில் கிளெமென்ட்டின் பெயரையும் 'கருணை' என்னும் பொருளுடைய சொல்லையும் இணைத்துப் பீத்தோவன் சிலேடையாக எழுதியுள்ளார். அப்படியில் தனிவயலின் பகுதிக்குப் பல இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. 1808இல் வியன்னாவில் அச்சான வடிவம் அவற்றுள் எதனோடும் முழுதும் ஒத்ததன்று. கிளெமென்ட்டின் விரல்களில் முதலில் ஒலித்த பாடம் எது என்பது அச்சுப்படியைக் கொண்டு மட்டும் முடிவுசெய்யத்தக்கதன்று. இந்நிலையில் 'முதல் அரங்கேற்றத்தின் ஒலி' என்னும் உரிமைகோரல், கருவிச்சிக்கலுக்கு முன் பாடச்சிக்கலைச் சந்திக்கிறது.

கடென்சாவிலும் நிலைமை விந்தையானது. வயலினுக்குப் பீத்தோவன் கடென்சா எழுதிவைக்கவில்லை. ஆனால் 1807இல் முஸியோ கிளெமென்டி கேட்டுக்கொண்டதற்கிணங்க இப்படைப்பைப் பியானோவுக்கு மாற்றியபோது, அவ்வடிவத்துக்கு அவரே கடென்சாக்களை எழுதினார். முதல் இயக்கத்துக்கான கடென்சாவில் பியானோவுடன் டிம்பனி முரசும் சேர்கிறது. படைப்பு தொடங்குவதே முரசின் ஐந்து தட்டுகளால் என்பதை எண்ணினால் இதன் பொருத்தம் புலப்படும். தோல் போர்த்திய பழைய முரசில், கடினமான கோலால் தட்டும் பதிவுகளில் இத்தொடக்கம் இராணுவ அணிவகுப்பை நினைவூட்டும் வறட்சியுடன் ஒலிக்கிறது.

கலைஞர்கள் இங்கே மூன்று வழிகளைக் கையாண்டுள்ளனர். முதலாவது, யோவாகிம், கிரைஸ்லர் போன்ற பிற்காலத்தவர் எழுதிய கடென்சாக்களை வாசிப்பது. இது வாழும் மரபின் வழி. இரண்டாவது, பியானோ கடென்சாவை வயலினுக்கு மாற்றுவது. 1960களின் தொடக்கத்தில் வூல்ஃப்காங் ஷ்னைடர்ஹான் இக்காலக் குழுவோடு பதிவுசெய்தபோதே இவ்வழியை மேற்கொண்டார். பின்னர் பத்ரிசியா கோபட்சின்ஸ்காயா, பிலிப் ஹெரவெஹே நடத்திய பழைய கருவிக் குழுவுடன் 2009இல் வெளியிட்ட பதிவில் தம் சொந்த மாற்றத்தை வாசித்தார். மூன்றாவது, புதிதாக எழுதச் செய்வது. விக்டோரியா முல்லோவா, ஜான் எலியட் கார்டினரின் குழுவுடன் 2000களின் தொடக்கத்தில் பதிவுசெய்தபோது ஒட்டாவியோ தாந்தோனேயின் கடென்சாக்களை எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் வழியே ஆவணத்துக்கு நெருக்கமானது எனத் தோன்றும். ஆனால் பீத்தோவனின் ஆவணம் வேறொரு கருவிக்கு உரியது. வேறொரு வாசிப்பாளருக்கு உரியது. வயலின் கலைஞர் ஒருவர் 1806இல் அவ்விடத்தில் என்ன வாசித்தார் என்பதற்கு அது சான்றாகாது. இசையமைப்பாளர் அவ்விடத்தைப் பற்றி ஓராண்டுக்குப் பின் என்ன எண்ணினார் என்பதற்கே சான்றாகும். மேலும், பழைய கருவிகளின் துணையின்றியே ஷ்னைடர்ஹான் இவ்விடத்தை அடைந்தார் என்பது, வரலாற்று உணர்வும் கருவியின் பழமையும் ஒன்றல்ல என்பதைக் காட்டுகிறது.

8. பதிவுக்கூடமும் அடைப்புக்குறியும்

குடல் நரம்பு ஈரப்பதத்துக்கும் வெப்பத்துக்கும் உடனுக்குடன் இளகியும் இறுகியும் மாறுவது. பதிவின்போது அடிக்கடி நிறுத்திச் சுருதி கூட்ட வேண்டியுள்ளது. பல முறை வாசித்தவற்றுள் சிறந்த துண்டுகளைத் தேர்ந்து இணைப்பதே இன்றைய பதிவின் நடைமுறை. ஆகையால் இசைத்தட்டில் நாம் கேட்கும் பிசகற்ற குடல் நரம்பின் ஒலி, எந்த நூற்றாண்டின் மேடையிலும் தொடர்ச்சியாக ஒலித்திருக்க இயலாத ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் நரம்பும் இருபதாம் நூற்றாண்டின் கத்தரியும் அதில் ஒன்றுசேர்ந்துள்ளன.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்தால், ஒரே பதிவினுள் மூன்று அடுக்குகள் இருப்பது விளங்கும். வில், நரம்பு, தனிவாசிப்பாளரின் இடம் ஆகியன சான்றின் அடுக்கு. சுருதி எண்ணும் வைப்ராட்டோவின் அளவும் உய்த்துணர்வின் அடுக்கு. கடென்சா, பாடத்தெரிவு, துண்டுகளின் இணைப்பு ஆகியன படைப்பின் அடுக்கு. அச்சிட்ட பதிப்பில் ஊகப்பாடத்தை அடைப்புக்குறிக்குள் இடலாம். அடிக்குறிப்பில் வேறுபாடம் காட்டலாம். ஒலிக்கு அடைப்புக்குறி இல்லை. உறுதியானதும் ஐயத்துக்குரியதும் ஒரே அழகுடன், ஒரே உறுதியுடன் செவியை எட்டுகின்றன.

இக்குறையை இசைத்தட்டுடன் வந்த சிறுநூல் ஓரளவு ஈடுசெய்தது. கருவியைச் செய்தவர், நரம்பின் வகை, சுருதி, கடென்சாவை இயற்றியவர், பின்பற்றிய பதிப்பு ஆகிய செய்திகள் அதில் இடம்பெற்றன. இப்போது இசை பெரும்பாலும் இணையவழி ஒலியோட்டமாகக் கேட்கப்படுகிறது. அங்கே அச்சிறுநூல் பெரும்பாலும் உடன்வருவதில்லை. பதிப்புரையும் அடிக்குறிப்பும் நீக்கி மூலபாடத்தை மட்டும் மறுஅச்சிடும் பதிப்புகளால் சுவடியியலுக்கு நேரும் இழப்பு எத்தகையதோ, இதுவும் அத்தகையதே. ஒலி எஞ்சுகிறது, அது எவ்வாறு பெறப்பட்டது என்னும் வரலாறு அழிகிறது.

9. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

• அக்காலக் கருவிகள் சில வினாக்களுக்கு வேறெவ்வழியிலும் கிடைக்காத விடைகளைத் தருகின்றன. கே. 219இன் தட்டொலியும் பீத்தோவனின் முரசுத் தொடக்கமும் இதற்குச் சான்றுகள்.

• சான்றுகளை எடுத்துக்கொள்வதில் சமனின்மை உள்ளது. வைப்ராட்டோவைக் குறைக்கும் சான்று ஏற்கப்பட்ட அளவுக்குச் சறுக்கலையும் தாள நெகிழ்வையும் காட்டும் சான்று ஏற்கப்படவில்லை.

• கடென்சா, வரலாற்று வாசிப்பின் எல்லைக்கல். அங்கே கலைஞர் ஆவணத்தை விட்டு இறங்கிப் படைப்பாளராக வேண்டியுள்ளது. அதனை வெளிப்படையாக அறிவிக்கும் பதிவே ஆய்வுக்கு நம்பகமானது.

• ஒலிப்பதிவை ஆய்வில் மேற்கோளாகக் கையாள்வோர், அதன் சிறுநூலையும் பதிப்புச் செய்திகளையும் அப்பதிவின் பிரிக்கமுடியாத பகுதியாகக் கொள்ளவேண்டும். நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் ஒலிக்கோப்பை மட்டும் சேமிப்பது போதாது.

இவ்வாய்வு தமிழிசை வரலாற்றுக்கும் ஒரு வினாவை விட்டுச்செல்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் இளவல் பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பிய முறையில் வயலின் பயின்று, அதனைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவராகப் போற்றப்படுகிறார். அவர் வாழ்ந்த காலமும், மேலே விவரிக்கப்பட்ட கழுத்து, வில் மாற்றங்கள் நிகழ்ந்த காலமும் ஒன்றே. ஆகவே நம் இசைக்குள் நுழைந்த வயலினை இன்றைய கருவியாகக் கற்பனை செய்துகொள்வது காலவழுவாகும். குடல் நரம்பும், முகவாய்த் தாங்கி இல்லாத உடலும், மாறிக்கொண்டிருந்த வில்லும் நம் வாசிப்பு முறையின் தொடக்கத்தில் என்ன பங்காற்றின என்பது தனித்து ஆராயத்தக்கது. அவ்வாய்வை மேற்கொண்டு ஒருவர் அக்கால ஒலியைப் பதிவுசெய்ய முனைவாராயின், தாம் கண்டவற்றையும் தாம் ஊகித்தவற்றையும் பிரித்து எழுதிய ஒரு பதிப்புரையையும் அதனோடு சேர்த்துத் தருவது இன்றியமையாதது.